கை நின்ற இடத்தைக் குறிக்கச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை பூந்தமல்லியில் அம்பத்தூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். முனுசாமி சைக்கிளை மிதித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். அவர் எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தின் உதவியாளர், மண்ணூர்பேட்டைக்காரர். அந்த நேரத்தில் அவர் அம்பத்தூரில் கூடத்தின் கதவைத் திறந்துகொண்டிருக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கி, "அம்மா பூட்டாங்க சார்," என்றார். எங்கள் கூடத்தில் அம்மா என்றால் டாக்டர் செண்பகவல்லி ஒருவர்தான்.

சைக்கிளைத் தெரிந்த கடையில் நிறுத்திவிட்டு இருவரும் ஆவடிக்குப் போனோம். அம்மையாரின் கணவர் ராமநாதன் அங்கே பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். வீடு தொழிற்சாலைக் குடியிருப்பில் இருக்கிறது. நாங்கள் போவதற்குள்ளேயே வாசல் கொள்ளாத கூட்டம் சேர்ந்திருந்தது. கல்லூரி ஆசிரியர்கள், தோல் ஆராய்ச்சி செய்பவர்கள், தொழிற்பேட்டைப் பட்டறைக்காரர்கள், எங்கிருந்தோ இரவு ரயிலேறி வந்த இளைஞர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் இவர்களெல்லாம் சொந்தக்காரர்களா என்று ராமநாதனிடம் மெல்லக் கேட்டார். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இல்லம்மா. எழுதக் கத்துக்க வந்தவங்க," என்றார்.

அம்மையாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். அறுபதுகளின் நடுவில் எங்களோடு வந்து சேர்ந்தார். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, எப்படித் தடுக்கலாம் என்பது அவருடைய துறை. தண்ணீரைச் சோதிப்பது என்னுடையது. வயதில் நான் அவருக்குப் பல வருடம் மூத்தவன். அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். தலை நரைத்தவர்களை உட்காரவைத்து எழுதச் சொல்லிக்கொடுப்பது எத்தனை சங்கடமான வேலை என்பது எங்களைப் போன்றவர்களோடு பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

அவர் வருவதற்கு முன்பும் நாங்கள் நன்றாகத்தான் ஆராய்ச்சி செய்தோம். எழுதத்தான் வரவில்லை. வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு அனுப்பிய கட்டுரைகள் போன சுருக்கில் திரும்பி வந்தன. நாங்கள் இங்கிலீஷைக் கண்டு மிரண்டவர்கள். அந்த மிரட்சியை மறைக்க நகை பூட்டி எழுதுவோம். என்னோடு வேலை பார்த்த சிவகுரு ஒருமுறை தன் கட்டுரையை, உலகம் தோன்றிய காலத்திலிருந்தே மனிதனும் உலோகமும் இணைபிரியாதிருக்கிறார்கள் என்று தொடங்கியிருந்தார். கட்டுரை ஆணியைப் பற்றியது. நான் மட்டும் என்ன வாழ்ந்தேன். பழைய ஆய்விதழ்களிலிருந்து நல்ல வாக்கியங்களாகப் பொறுக்கிவைத்துக்கொண்டு, இடம் கிடைத்தபோதெல்லாம் செருகுவேன்.

அம்மையார் சிவகுருவின் கட்டுரையைப் படித்தார், சிரிக்கவில்லை. தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நேத்து என்ன செஞ்சீங்க? தமிழ்ல சொல்லுங்க," என்றார். சிவகுரு திருதிருவென்று விழித்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். ஆணியை எடுத்தேன், உப்புத் தண்ணீரில் போட்டேன், மறுநாள் பார்த்தேன் என்று வந்தது. அவர் சொல்லச் சொல்ல அம்மையார் எழுதிக்கொண்டே போனார். முடிந்ததும் அந்தத் தாளை அவரிடமே நீட்டி, இதுதான் உங்கள் கட்டுரை, இதை இங்கிலீஷில் எழுதுங்கள், ஒரு சொல்லும் கூட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அந்தக் கட்டுரை திரும்பி வரவில்லை. நம் நாட்டு ஆய்விதழ் ஒன்றில் அச்சில் வந்தது. சிவகுரு அதை வீட்டுச் சுவரில் மாட்டவில்லையே தவிர, பார்க்காத ஆள் பூந்தமல்லியில் யாரும் இல்லை.

அதன் பிறகு அவர் கொண்டுவந்ததுதான் சனிக்கிழமை வழக்கம். எங்கள் கூடத்தை அறிந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஒருவர் எழுதிய கட்டுரையை, அந்த வேலையில் சம்பந்தமில்லாத இன்னொருவர் கையில் கொடுப்பார். வாங்கியவர் கட்டுரையில் உள்ளதை மட்டும் பார்த்து அந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். எழுதியவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் வாய் திறக்கக் கூடாது, தலையசைக்கவும் கூடாது. செய்கிறவரின் கை எங்கெல்லாம் தயங்கி நிற்கிறதோ அந்த வரியின் ஓரத்தில் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். புள்ளி விழுந்த வரிகளை வீட்டுக்குப் போய்த் திருத்தி எழுத வேண்டும். இதற்கு அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான். "கட்டுரை போற ஊருக்கெல்லாம் நாம கூடப் போக முடியாது சார்."

இது என்ன பள்ளிக்கூடமா என்று நான் முணுமுணுத்தேன். என் முறையும் வந்தது. கிணற்றுத் தண்ணீரைப் பற்றிய என் கட்டுரையோடு சிவகுரு மேசை முன் நின்றார். போதுமான அளவு கரைசலைச் சேர்க்கவும் என்று நான் எழுதியிருந்த வரிக்கு வந்ததும் அவர் கை நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சிலையாக உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர் பாட்டிலை அப்படியே கவிழ்த்துவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்த வேதனை எனக்குத்தான் தெரியும். போதுமான அளவு என்ற சொல்லை அன்றோடு விட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தலையில் இடி விழுந்தது. சின்னச் சின்ன ஆராய்ச்சிக் கூடங்களையெல்லாம் வைத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று பார்க்க டில்லியிலிருந்து ஒரு குழு வரப்போவதாகத் தாக்கீது வந்தது. வெளிநாட்டு ஆய்விதழ்களில் பேர் சொல்லும்படி எதுவும் வராத கூடங்களை மூடிவிட்டு, ஆட்களை வேறு வேறு ஊர்களுக்கு மாற்றிவிடுவார்களாம். எங்களில் பலர் அப்போதுதான் இங்கே வேர் பிடித்திருந்தோம். சென்னீர்குப்பத்தில் நான் கட்டிய வீட்டுக்கு அப்போது சுண்ணாம்புகூட அடித்து முடியவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

எங்களிடம் பேர் சொல்ல இருந்தது ஒரே ஒரு கட்டுரை. அது அம்மையாருடையது. ஆவாரம்பட்டையை ஊறவைத்த சாற்றில் இரும்புத் தகட்டை நனைத்தெடுத்தால் துரு அண்டுவதில்லை என்று அவர் கண்டிருந்தார். மழைக்காலத்தில் சரக்கைத் துருவுக்குக் கொடுத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்காரும் தொழிற்பேட்டைப் பட்டறைக்காரர்களுக்கு இது பெரிய சேதி. குழு வருவதற்குள் ஏற்பு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், எங்கள் இயக்குநர் அந்தக் கட்டுரையைச் சனிக்கிழமைக்குக் காத்திராமல் வாங்கி வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார். நல்ல ஆய்விதழ் அது. ஏற்றுக்கொண்டதாகப் பதிலும் வந்துவிட்டது. இயக்குநர் எங்கள் எல்லாருக்கும் பூந்தமல்லியிலிருந்து இனிப்பு வாங்கிவரச் சொன்னார்.

இனிப்பைத் தின்று முடித்தபின் அம்மையார் என்னிடம் வந்து, அச்சேறுவதற்குள் தன் கட்டுரையை நான் செய்து பார்க்க வேண்டும் என்றார். ஏற்றாகிவிட்டதே, இனி எதற்கு என்றேன். எல்லார் கட்டுரைக்கும் இருக்கிற வழக்கம் தன் கட்டுரைக்கு மட்டும் இல்லாமல் போகலாமா என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை செய்தேன்.

கட்டுரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கை எங்கும் நிற்கவில்லை. தகட்டை அமிலத்தில் கழுவு, தண்ணீரில் அலசு, சாற்றில் இவ்வளவு நேரம் முக்கு, ஈரப் பெட்டிக்குள் தொங்கவிடு என்று எல்லாம் தெளிவாக இருந்தது. சில நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தேன். தகடு முழுக்கச் செம்பழுப்புப் புள்ளிகள். நான்தான் எங்கோ சொதப்பிவிட்டேன் என்று மறுபடி செய்தேன். மறுபடியும் அதே துருதான். மூன்றாம் முறை அம்மையார் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையையே பார்த்தபடி உட்கார்ந்தார். நான் தகட்டை அமிலத்தில் போடுவதற்கு எடுத்தபோது அவர் எழுந்துவிட்டார். அந்த நாற்காலியில் இருந்தவர் பாதியில் எழுந்ததை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான் புளி போட்டுத் தேய்ப்பேன் சார்," என்றார்.

விஷயம் இவ்வளவுதான். அம்மையாரும் முனுசாமியும் தகடுகளை அமிலத்தில் போடுவதற்கு முன், வீட்டில் வெண்கலப் பாத்திரம் துலக்குவதைப் போல, புளியைக் கரைத்துத் தேய்த்துக் கழுவுவார்கள். குழாயடியில் எப்போதும் ஒரு கிண்ணத்தில் புளி ஊறிக்கொண்டிருக்கும். அது சோதனையில் சேர்த்தி என்று யாருக்குமே தோன்றவில்லை. முனுசாமிக்கு அப்போதும் தோன்றவில்லை. "இன்னாம்மா, அத்தப் போயி எய்துவாங்களா? ஊட்ல சட்டி பான கழுவற சமாச்சாரம். வெள்ளக்காரன் படிச்சா சிரிக்க மாட்டான்?" என்று அவர் வியப்போடு கேட்டார்.

இயக்குநருக்கு விஷயம் போனது. புளியைப் பற்றி ஒரு வரி சேர்த்துத் தந்தி அடித்துவிடலாமே, அதற்கென்ன என்றார். எங்கள் எல்லாருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அம்மையார் ஒப்புக்கொள்ளவில்லை. "தகட்டைப் பட்டை காப்பாத்துச்சா, புளி காப்பாத்துச்சா? எனக்கே தெரியாது. தெரியாததை எப்படி எழுதுறது?" என்றார். தனித்தனியாகச் செய்து பார்க்க மாதக்கணக்கில் ஆகும். குழுவோ அடுத்த மாதம் வருகிறது. இயக்குநர் சத்தம் போட்டார், கெஞ்சினார், கடைசியில் எங்கள் பிள்ளைகளின் படிப்பையெல்லாம் சொல்லிப் பார்த்தார். அம்மையாரின் கண் கலங்கியது. ஆனாலும் அன்று மாலையே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. சுண்ணாம்பு அடிக்காத சுவரைப் பார்த்துக்கொண்டு அன்று சாப்பிடாமல் படுத்தேன்.

குழு வந்தது. அதன் தலைவர் வடக்கத்திக்காரர், வயதானவர், பெரிய வேதியியல் அறிஞர். வெளிநாட்டில் ஏற்கப்பட்ட ஒரே கட்டுரையையும் ஏன் திரும்பப் பெற்றீர்கள் என்றுதான் முதல் கேள்வியே கேட்டார். இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மையார் எழுந்து ஒரு தாளை அவரிடம் நீட்டினார். நடந்தது அத்தனையும் ஒரு பக்கத்தில் இருந்தது, புளி உள்பட. தலைவர் அதை நிதானமாகப் படித்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்தச் சனிக்கிழமை நாற்காலி எங்கே இருக்கிறது, தான் பார்க்க வேண்டும் என்றார்.

பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. கோட்டைக் கழற்றி முனுசாமியிடம் கொடுத்துவிட்டு, அச்சுக்குப் போகக் காத்திருந்த சிவகுருவின் புதிய கட்டுரையை வாங்கிக்கொண்டு தானே மேசை முன் நின்றார். பாவம் சிவகுரு, நாற்காலியில் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். பெரியவர் ஒரு வரி படிப்பார், ஒரு வேலை செய்வார், அடுத்த வரிக்குப் போவார். எங்கள் வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பழக்கமில்லாத கையில் இருந்தன. ஓர் இடத்தில் அந்தக் கை நின்றது. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதே வரியை இன்னொரு தரம் படித்தார், பக்கத்திலிருந்த குடுவையை எடுத்தார், ஊற்றினார். கரைசல் சிவகுரு எழுதியிருந்தபடியே நீலமானது. பெரியவர் திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். நாற்பது வருடமாகத் தான் படித்த கட்டுரைகளில் எத்தனை இப்படி வரும் என்று தெரியவில்லை என்று இயக்குநரிடம் சொன்னார்.

கூடத்தை மூட வேண்டாம், இரண்டு வருடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று குழு எழுதியது. அந்த இரண்டு வருடத்தில் அம்மையார் பட்டையைத் தனியாகவும், புளியைத் தனியாகவும், இரண்டையும் சேர்த்தும் செய்து பார்த்தார். பட்டை மட்டும் போதவில்லை, புளி மட்டும் சில நாளே தாங்கியது, இரண்டும் சேர்ந்தபோதுதான் தகடு நின்றது. எந்தப் புளி, எத்தனை பழையது, எவ்வளவு ஊற வேண்டும் என்பதற்காகப் பூந்தமல்லிக் கடைத்தெருவில் முனுசாமி ஏறாத மண்டி இல்லை. பழம்புளிக்கும் புதுப்புளிக்கும் உள்ள வித்தியாசமே அந்தக் கட்டுரையில் தனிப் பத்தியாக வந்தது. அதே ஆய்விதழ்தான் வெளியிட்டது. நாங்கள் எல்லாரும் அதன் பிறகு எழுதினோம். அவை அச்சாகவும் செய்தன. அந்த இரண்டு வருடம் முடிந்தபோது யாருமே வந்து கேட்கவில்லை, கூடம் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

பிறகு வெளியிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கிண்டியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கட்டுரையைப் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை காலையில் வந்து நிற்பார்கள். யாருக்கும் அவர் கட்டுரை எழுதிக் கொடுத்ததில்லை. பேனாவை அவர்கள் கையிலிருந்து வாங்கியதே இல்லை. ஒரு தரம் ஒரு பேராசிரியர், தன் பெயரோடு அம்மையாரின் பெயரையும் சேர்த்துப் போடுவதாகச் சொன்னார். "புள்ளி வச்சது நீங்கதான் சார்," என்று சொல்லி மறுத்துவிட்டார்.

இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கோளாறு அவரைப் படுத்தியது. கடைசி ஆறு மாதம் விடுப்பில் இருந்தார். போன மாதம் நான் ஆவடிக்குப் போய்ப் பார்த்தபோது உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. புதிதாக யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். தேவகி என்று ஒரு பெண், ஆணியைப் போல நேராக எழுதுகிறாள் என்றேன். வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

மேலே உள்ளதை எழுதி முடித்ததும், அம்மையாரின் வழக்கத்தை அவருக்கான கட்டுரையிலேயே மீறக் கூடாது என்று பட்டது. அவரைப் பார்த்தே இராத தேவகியிடம் இந்தத் தாள்களைக் கொடுத்துவிட்டு, நாற்காலி போட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். இயக்குநர் கெஞ்சியபோது அம்மையாரின் கண் மட்டும் கலங்கிய இடத்தில் விரல் நின்றது. குழுத் தலைவரிடம் தாளை நீட்டிய இடத்தில் வெகுநேரம் நின்றது. படித்து முடித்ததும், "ஒண்ணு புரியல சார். கேள்வி கேட்டவர் எதிர்ல உட்கார்ந்திருக்கார். அம்மா ஏன் வாயால பதில் சொல்லல? எல்லாத்தையும் ஏன் எழுதியே குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

தாள்களை வாங்கி அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

அம்மையாருக்குத் திக்கும். சாதாரணத் திக்கல் இல்லை. சில நாள் ஒரு சொல் வெளியே வருவதற்குள் முகமெல்லாம் சிவந்துவிடும். மேலே நான் அவர் சொன்னதாக எழுதியிருக்கும் வாக்கியங்கள் ஒவ்வொன்றையும் அவர் மூச்சை இழுத்துப் பிடித்து, விட்டு விட்டுத்தான் சொன்னார். "கட்டுரை" என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வார். வகுப்பில் நின்று பாடம் நடத்த முடியாது என்று கல்லூரிகள் கைவிரித்த பிறகுதான் அவர் எங்கள் கூடத்துக்கு வந்தார். இவ்வளவு வருடம் பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டு எங்கள் யாருடைய காதிலும் அந்தத் திக்கல் விழுவதே இல்லை. அதனால் எழுதவும் தோன்றவில்லை. நாற்காலியில் வாய் மூடி உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் புலம்பிய அன்று, அவர் ஒரே ஒரு முறை இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். "எழுதும்போது எனக்குத் திக்காது சார்," என்றார். அவ்வளவுதான்.

இந்தப் பத்தியைச் சேர்த்துவிட்டு இன்று காலை மறுபடி தேவகியிடம் கொடுத்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். விரல் எங்கும் நிற்கவில்லை. தாள்களை அடுக்கி என்னிடம் தராமல் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

போய் வாருங்கள் அம்மா. உங்களைத் தெரியாதவர்களிடம் இந்தக் கட்டுரை இனித் தனியாகப் போகட்டும். நாங்கள் யாரும் கூடப் போக மாட்டோம்.